பாடும், பாடாது: வால்வு ரேடியோ கேள்வி பதில்

வால்வு, அதாவது கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய ரேடியோக்களைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும், பிறகு தானாக வரும். அடியோடு செத்துப்போன ரேடியோவைப் பற்றி எவரும் எழுதவில்லை. செத்த ரேடியோ நேர்மையானது. மீட்டரை வைத்தால் உண்மையைச் சொல்லிவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறோ மருத்துவர் வீட்டுப் படியேறியதும் காணாமற்போகும் பல்வலியைப் போன்றது. எனவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு வியாதிக்கே ஒதுக்கிவிட்டேன். ஏரியல் நீளம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வால்வும் ஒரு பச்சைக்கண்ணும் உள்ள மேசை ரேடியோ என்னுடையது. போட்டு 40 நிமிடம் அருமையாகப் பாடும். பிறகு ஒலி சட்டென்று மெலிந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அறை விளக்கின் சுவிட்சைத் தட்டினால் 'டப்' என்ற ஓசையோடு பழையபடி திரும்பிவிடும். பச்சைக்கண் மட்டும் எப்போதும்போல் மூடியே இருக்கிறது. மூன்று வால்வுகளை மாற்றிப் பார்த்துவிட்டேன், பயனில்லை.

பதில்: வால்வு மாற்றிய கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள், அச்சில் சுருக்கிவிட்டேன். பச்சைக்கண்ணைப் பற்றி எழுதியது ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

1935-இல் அறிமுகமான நாளிலிருந்து இந்தப் பச்சைக்கண்ணை, அதாவது நிலையம் பிடிபட்டதைக் காட்டும் மேஜிக் ஐ வால்வைப் பலரும் அலங்காரமாகவே பார்க்கிறார்கள். உண்மையில் அது பெட்டிக்குள் நிரந்தரமாக மாட்டிவைத்த ஒரு மீட்டர். நிலையம் பிடிபடும்போது, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிடெக்டரில் உண்டாகும் எதிர் மின்னழுத்தமே அதன் நிழலைக் குறுக்குகிறது. ஒலி கெட்ட பிறகும் கண் மூடியிருக்கிறது என்றால், ஏரியலில் நுழைந்த அலை, அதிர்வெண்ணை மாற்றும் மிக்சர் வால்வையும், அந்த இடைநிலை அலையைப் பெருக்கும் ஐ.எஃப். வால்வையும் கடந்து டிடெக்டர்வரை ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பாதி ரேடியோவுக்கு விடுதலை கொடுத்துவிட்டோம்.

மிச்சமிருப்பவை வால்யூம் கண்ட்ரோல், அதற்கடுத்து ஒலியைப் பெருக்கும் ட்ரையோடு வால்வு, ஒலியை ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர்கள், அவுட்புட் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். இவற்றில் எது? நீங்கள் சொன்ன தகரக் குரல் கைகாட்டுகிறது. கப்ளிங் கண்டென்சர் உள்ளே விட்டுப்போனால் ஒலி முற்றிலும் நிற்காது. அக்கம்பக்கக் கம்பிகளுக்கிடையே இருக்கும் சிறு கொள்ளளவு வழியாக உச்ச ஒலிகள் மட்டும் கசிந்துவரும். கட்டை ஒலிகள் வராது. விளக்கு சுவிட்சும் அதையே சொல்கிறது. சுவிட்சைத் தட்டும்போது மின்கம்பியில் ஒரு துடிப்பு ஓடுகிறது. விட்டுப்போன இணைப்பில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலத்தை அது துளைத்துவிட, கண்டென்சருக்கு மறுபடி உயிர் வருகிறது. பழைய காகிதக் கண்டென்சர்கள் பலவற்றில் ஃபாயிலும் கால் கம்பியும் வெறும் அழுத்தத்தால்தான் தொட்டுக்கொண்டிருக்கும். 40 நிமிடச் சூட்டில் மெழுகு இளகினால் அந்தத் தொடுதல் நெகிழ்ந்துவிடும்.

இப்போது நீங்கள் செய்யப்போகும் தவறையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலி மெலிந்ததும் மீட்டர் முனையை எடுத்துக்கொண்டு பாய்வீர்கள். முனை பட்டதும் ரேடியோ பாட ஆரம்பித்துவிடும். அந்தத் தொடுதலே விளக்கு சுவிட்சின் வேலையைச் செய்துவிடுகிறது. நல்ல கண்டென்சரை இணையாக வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். சரியாகிவிட்டதாக நினைத்து மூடுவீர்கள், மறுநாள் மெலியும். கோளாறு நடக்கும்போது உங்கள் கை ரேடியோவின் பக்கமே போகக்கூடாது. மீட்டர் முன்பே அங்கே காத்திருக்க வேண்டும்.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, வடிகட்டிக் கண்டென்சர்களில் தங்கியுள்ள மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடித்துவிட்டு, கொக்கி முனைகளை மாட்டுங்கள். மீட்டர் ஏ.சி. அளவில் இருக்கட்டும். அதன் சிவப்புக் கம்பியோடு தொடராக 0.1 மைக்ரோஃபாரட், 600 வோல்ட் கண்டென்சர் ஒன்று வேண்டும், டி.சி. உள்ளே நுழையாமல் அது தடுக்கும். முதல் நாள் ட்ரையோடின் ஆனோடில் (ஒலி வெளியேறும் கால்) மாட்டுங்கள். ரேடியோவைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். ஒலி மெலிந்த பிறகும் பேச்சுக்கேற்ப முள் துள்ளினால் ட்ரையோடுவரை பழுதில்லை. மறுநாள் கொக்கியை அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (ஒலி நுழையும் கால்) மாற்றுங்கள். அங்கே முள் படுத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கப்ளிங் கண்டென்சரே குற்றவாளி. 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். 630 வோல்ட் பாலியெஸ்டர் வகையைப் போடுங்கள். முதல் நாளே முள் படுத்தால் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலிலிருந்து ட்ரையோடு கிரிட்டுக்குப் போகும் கண்டென்சரைப் பிடியுங்கள்.

கேள்வி: ரேடியோவின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் பாடுகிறது. வால்வுகள் எட்டுக்கால் ஆக்டல் வகை. இது எந்த வால்வின் கோளாறு?

பதில்: ஓங்கித் தட்டினால் எல்லா வால்வும், எல்லா சாக்கெட்டும், எல்லாப் பற்றுகளும் ஒன்றாக அதிர்கின்றன. எதுவென்று எப்படிச் சொல்வது? பின்மூடியைக் கழற்றி, ரப்பர் முனையுள்ள பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். பல இடங்களில் கரகரவென்றால் விசையைப் பாதியாக்குங்கள். மறுபடியும் பாதி. ஒரே ஓர் இடம் மட்டும் பதில் சொல்லும்வரை குறைத்துக்கொண்டே போங்கள். வால்வைத் தட்டும்போது கேட்பது வால்வின் குற்றமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. சாக்கெட்டின் தளர்ந்த கவ்வியாகவும் இருக்கலாம். உங்களுடையது எட்டுக்கால் ஆக்டல் வகை என்கிறீர்கள். அதன் கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். கண்ணாடிக்குள்ளிருந்து வரும் கம்பி கால் நுனியில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயப்பற்று, வருவது சகஜம். நுனிகளைச் சுத்தம் செய்து புது ஈயம் வைத்தால், செத்ததாக ஒதுக்கிய வால்வுகள் சில எழுந்து உட்காரும்.

கேள்வி: மீடியம் வேவில் 900 கிலோஹெர்ட்சுக்கு மேலே உள்ள நிலையங்கள் எப்போதும் வருகின்றன. அதற்குக் கீழே சில நாள் வருகிறது, சில நாள் ஒரே மௌனம். மின்னழுத்தம் குறையும் வேளையில் நிச்சயம் வராது. மிக்சருக்குத் துடிப்பு தரும் ஆசிலேட்டர் நின்றுபோகிறது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதை எப்படி உறுதிசெய்வது? என்னிடம் சிக்னல் ஜெனரேட்டர் எதுவும் இல்லை.

பதில்: நண்பர் விவரம் தெரிந்தவர். உறுதிசெய்ய ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸில் எதையும் தொட வேண்டியதில்லை.

உங்கள் ரேடியோவின் ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 700-இல் நிலையத்தைப் பிடிக்கும்போது உள்ளேயிருக்கும் ஆசிலேட்டர் அதைவிட 455 கூடுதலாக, 1155-இல் துடித்தாக வேண்டும். அந்தத் துடிப்பு காற்றிலும் கொஞ்சம் கசியும். வால்வு ரேடியோவின் முள்ளை 700-இல் நிறுத்திவிட்டு, சின்ன ரேடியோவை அருகில் வைத்து 1155 பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் இரைச்சல் அடங்கி 'கம்' என்றாகும். பெரிய ரேடியோவின் முள்ளை ஒரு மயிரிழை அசைத்தால் அந்த அமைதியும் சேர்ந்து நகரும். அப்படி நகர்ந்தால் அது உங்கள் ஆசிலேட்டர்தான். அதை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருங்கள். நிலையம் மறையும் கணத்தில் சின்ன ரேடியோவில் இரைச்சல் பொங்கி எழுந்தால், ஆசிலேட்டர் நின்றுவிட்டது. சின்ன ரேடியோ அமைதியாகவே இருந்தால் நண்பர் தோற்றார்.

அவர் வெல்வார் என்றே நினைக்கிறேன். வலுவிழந்த மிக்சர் வால்வு முதலில் கைவிடுவது அந்தக் கீழ்க்கோடியைத்தான். ஆனால் வால்வை வாங்க ஓடுவதற்கு முன் ஆசிலேட்டர் ஆனோடுக்கு மின்சாரம் தரும் மின்தடையை அளந்துபாருங்கள். பழைய கார்பன் மின்தடைகளின் மதிப்பு வயதோடு ஏறும். 33 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு சொல்லும், மீட்டர் 50 என்னும். இ.சி.எச். 81 போன்ற மிக்சர் வால்வில் ஆசிலேட்டர் கிரிட்டில் மைனஸ் 5 முதல் 10 வோல்ட்வரை இருந்தால் ஆரோக்கியம். முள்ளைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோகும்போது அது மைனஸ் 2-க்கு வந்தால், இழுத்துக்கோ பறித்துக்கோ என்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. முள்ளை நகர்த்தும்போது கரகரவென்று உரசல் கேட்டு, அதோடு மௌனமானால், நிலையம் தேடத் திருப்பும் கேங் கண்டென்சரின் தகடுகள் எங்கோ தொடுகின்றன. நீங்கள் உரசல் பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

கேள்வி: அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சைச் சுத்தம் செய்ய எந்த ஸ்ப்ரே நல்லது?

பதில்: ஸ்ப்ரேயே வேண்டாம் என்பேன். பேண்ட் சுவிட்சின் பழுப்புநிற அட்டை எண்ணெயைக் குடித்துக்கொண்டு பிறகு மின்சாரத்தைக் கசியவிடும். கான்டாக்ட் கிளீனரை ஒரு மூடியில் ஊற்றி, மெல்லிய தூரிகையால் தொடுமுனைகளில் மட்டும் தடவுங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் சுவிட்சை 20 முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. வெள்ளி முலாம் போய்விட்டால் திரும்ப வராது.

கேள்வி: வானம் தெளிவாக இருக்கும்போதும் என் ரேடியோவில் இடி இடிக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கும், மறுநாள் மழைக்கால மின்னலைப்போல் வெடிக்கும். ஏரியலைக் கழற்றினாலும் நிற்கவில்லை. வால்யூமைக் குறைத்தால் வெடிச் சத்தமும் குறைகிறது.

பதில்: உங்கள் கடைசி வாக்கியம் நல்ல சாட்சி. வால்யூமோடு சேர்ந்து குறைகிறதென்றால் வெடி பிறக்குமிடம் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால். ஏரியல் இல்லாமலும் வருவதால் பெரும்பாலும் வெளியிலிருந்து நுழைவதல்ல; பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்து அது அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அமைதியாக இருந்தால் என் சந்தேகம் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கும் மைக்கா கண்டென்சர்கள்மீது.

1950-களில் பரவிய சிறிய ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில், மேலே காயில்கள், கீழே ஒரே மைக்கா தகட்டில் வெள்ளி பூசிய இரண்டு கண்டென்சர்கள். இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. ஒன்றில் ஆனோடின் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், பக்கத்திலேயே மற்றொன்றில் கிரிட் அல்லது டிடெக்டரின் ஏறக்குறைய பூஜ்யம். இந்த வேறுபாடு பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே இருக்க, ஈரப்பதமும் துணைநிற்க, வெள்ளி மைக்காவின்மேல் ஊர்ந்து எதிர்ப்பக்கத்தை நோக்கி வேர்விடுகிறது. வேர் நுனி தொடும்போது ஒரு பொறி. பொறியில் நுனி எரிந்துபோக, மறுபடி வளரும்வரை அமைதி. உங்கள் 'ஒரு நாள் சும்மா, ஒரு நாள் வெடி' இதுதான்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரில் எது என்று கண்டுபிடிக்க வெடித்துக்கொண்டிருக்கும் நாள் வேண்டும். வால்வுகளின் சூடேற்றும் இழைகள் இணையாக, 6.3 வோல்ட்டில் எரியும் ரேடியோவாக இருந்தால் மிக்சர் வால்வைக் கழற்றுங்கள். வெடி தொடர்ந்தால் மிக்சர் நிரபராதி. அதைத் திரும்பப் பொருத்திவிட்டு ஐ.எஃப். வால்வைக் கழற்றுங்கள். அப்போதும் வெடித்தால் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்; நின்றுவிட்டால் முதலாவது, அல்லது அந்த ஐ.எஃப். வால்வே. பின்னதைத் தீர்மானிக்க, வால்வு இல்லாத சாக்கெட்டில் கிரிட் காலுக்கும் சேசிஸுக்கும் இடையே அளந்துபாருங்கள். சற்று எதிராகவோ பூஜ்யமாகவோ இருக்க வேண்டிய இடத்தில் பாசிட்டிவ் மின்னழுத்தம் தாவித்தாவி வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

மருந்து சுலபமானதல்ல. டப்பாவைத் திறந்து மைக்காவை அகற்றிவிட்டுத் தனித்தனிக் கண்டென்சர்களை வைக்க வேண்டும். 100 பிகோஃபாரட்டை ஒட்டித் தொடங்குங்கள். திருகும்போது 455-இல் இரு பக்கமும் தெளிவான உச்சம் கிடைக்கிற மதிப்பே சரியான மதிப்பு. காயிலின் கம்பி தலைமுடியைவிட மெல்லிய இழைகளைத் திரித்தது. ஓர் இழை அறுந்தாலும் கூர்மை போய்விடும். கை நடுக்கம் உள்ளவர்கள் பிறரிடம் கொடுப்பது நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோ. ஐந்து நிமிடம் பாடும். எல்லா வால்வுகளும் ஒன்றாக அணையும். இரண்டு நிமிடத்தில் ஒன்றாக எரியும். கழற்றி அளந்தால் எல்லா இழைகளும் நன்றாகவே காட்டுகின்றன.

பதில்: குளிர்ந்த பிறகு அளந்தால் நன்றாகத்தான் காட்டும். சூட்டில் விரிந்து விட்டுப்போகும் இழை, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். யு வரிசை வால்வுகளில் யு.சி.எச். 81-க்கு 19 வோல்ட், யு.பி.எஃப். 89-க்கு 19, யு.சி.எல். 82-க்கு 50, யு.ஒய். 85-க்கு 38, எல்லாம் மாலைபோல் கோத்து 100 மில்லி ஆம்பியரில் ஓடுகின்றன. ஒரு பூ உதிர்ந்தால் மாலையே அறும். அறுந்த இடம் எதுவோ அதன் இரு முனைகளுக்கிடையே மட்டும் மின்னிணைப்பின் முழு அழுத்தமும் நிற்கும், மற்றவற்றில் பூஜ்யம். ஆகவே ஏ.சி. மீட்டரை ஒரு வால்வின் இழைக் கால்களில் மாட்டிவைத்து, அணையும்வரை காத்திருங்கள். முள் முழு அளவுக்குத் தாவினால் பிடிபட்டது. இல்லாவிட்டால் அடுத்த வால்வு, கடைசியாக, மிச்ச மின்னழுத்தத்தை விழுங்கும் டிராப்பர் மின்தடை. பிடிபட்ட வால்வைத் தூக்கியெறியும் முன் சாக்கெட்டின் கவ்விகளையும் இறுக்கிப் பாருங்கள்.

இவ்வகை ரேடியோவில் சேசிஸே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். மின்கம்பியிலிருந்து ரேடியோவைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம். கொக்கியை ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: அரைமணி நேரத்தில் குரல் கரகரத்து உடைகிறது. அவுட்புட் வால்வு இ.எல். 84 கை வைக்க முடியாத அளவு சுடுகிறது.

பதில்: இ.எல். 84 எப்போதுமே கை வைக்க முடியாத அளவுதான் சுடும். கேதோடு (எலெக்ட்ரான்கள் புறப்படும் முனை) மின்னழுத்தத்தைப் பாருங்கள்; 250 வோல்ட் ஆனோடில் 7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். சூடேற ஏற அதுவும் ஏறிக்கொண்டே போனால் கிரிட்டில் பாசிட்டிவ் நுழைகிறது. கப்ளிங் கண்டென்சரின் கசிவா, வால்வுக்குள் வாயுவா? வால்வை உருவிவிட்டுக் கிரிட் காலை அளங்கள். பாசிட்டிவ் நின்றால் கண்டென்சர், மறைந்தால் வால்வு. அளந்ததும் அணைத்துவிடுங்கள். சுமை குறைந்து உயர் மின்னழுத்தம் ஏறுவதை வடிகட்டிக் கண்டென்சர்கள் விரும்புவதில்லை.

கேள்வி: மேசைமேல் திறந்து வைத்தால் நாள் முழுக்கப் பாடுகிறது. பெட்டிக்குள் வைத்துப் பின்மூடியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. கண்டென்சர்கள் அத்தனையையும் மாற்றிவிட்டேன். இனி எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். உங்களைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை. தொழில் பழகிய காலத்தில் நானும் இதே போல் ஒரு ரேடியோவில் 11 பாகங்களை மாற்றியிருக்கிறேன். மூன்று முறை திரும்பி வந்தது. என் மேசையில் பாடியது, சொந்தக்காரர் வீட்டில் பாடவில்லை. அவருக்குத்தான் இயக்கத் தெரியவில்லை என்று மனத்துக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நான்காம் முறை, சேசிஸைத் திறந்தபடியே வைத்து ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி, பக்கத்திலேயே நான். 70 நிமிடத்தில் நின்றது. சின்ன ரேடியோவில் இரைச்சல் பொங்கியது, ஆசிலேட்டர். பெட்டியைத் தூக்கியதும் மூன்று நிமிடத்தில் திரும்பியது. பிறகு முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, தகர மறைப்பின் துளை வழியாக ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். ஆசிலேட்டர் காயிலின் ஒரு முனையில் பட்டதும் நின்றது. அந்தப் பற்று கண்ணாடிபோல் மின்னியது. அதனால்தான் அதை முந்தைய மூன்று முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் பார்த்தால், கம்பியின் எனாமலைத் தொழிற்சாலையில் சுரண்டவே இல்லை. ஈயம் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்ததே தவிர ஒட்டவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த அணைப்பிலேயே பாடியிருக்கிறது.

நீங்களும் அட்டைப்பெட்டியைக் கவிழுங்கள். குளிரூட்டும் ஸ்ப்ரே வைத்திருந்தால் சூடான வால்வுக் கண்ணாடிமேல் படவிடாதீர்கள், விரிசல் விடும்.

கேள்வி: இரண்டு மாதமாக விட்டுவிட்டுப் பாடிய ரேடியோ, எதுவும் செய்யாமலே மூன்று வாரமாக ஒழுங்காகப் பாடுகிறது. தானாகக் குணமாகிவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: இல்லை. கடைசியாக நின்ற தேதியையும், அப்போது ரேடியோ எத்தனை நிமிடம் ஓடியிருந்தது என்பதையும் பின்மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த கடிதத்தில் முதலில் அதைத்தான் கேட்பேன்.